கடைசி வரைக்கும் பாத்தியா?

எந்த வைத்திய வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கீழ்வீட்டு அக்கா முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கடைசி வரைக்கும் பாத்தியா?"

பாதி வரை பார்த்தேன் என்றால் ஃபோனைக் கையில் வாங்கி, படத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் கோட்டை வலது ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். வெள்ளைக் கோட்டுக்காரர், வேப்பங்கொழுந்து, சிவப்பு அம்புக்குறி எல்லாம் ஓடி மறையும். முடிவில் ஒரு எண்ணெய்ப் பாட்டிலும் அதன் கீழே ஃபோன் நம்பரும் வந்து நிற்கும். "வந்துச்சு பாரு பாட்டிலு" என்று சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதோடு விசாரணை முடிந்தது. பாட்டில் வராத வீடியோதான் அவருக்கு வேலை வைக்கும். அப்போது கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுவார்.

நான் அந்த வீட்டின் மாடியில் குடியிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் கூட்டம் வந்தால் வண்டி நிறுத்த இடம் இல்லாமல் போகும் ஒரு தெரு. மகளின் பிரசவத்துக்குச் சென்னை போன என் மனைவி, பேரனை விட்டு வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டாள். நான் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். காலையில் காபி குடித்த கையோடு முந்தின நாள் நடந்ததை டைரியில் எழுதுவது படிக்கிற காலத்திலிருந்து பழக்கம். எழுத அதிகம் இருக்காது. மழை பெய்ததா, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, எந்தப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயர் தப்பாக வந்தது, இவ்வளவுதான். நடுவில் சில வருஷங்களின் டைரியில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் "கீழ்வீட்டு அக்கா சொன்னார்", "கீழ்வீட்டு அக்கா கேட்டார்" என்று இருக்கிறது. அவர் பெயரை நான் எழுதியதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. அவருடைய தம்பி இந்த ஊரில்தான் நெய்துகொண்டிருக்கிறார். அவருடைய இடது காலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

அக்காவுக்கு வேலை பாவு பிணைப்பது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், நிற்கிற பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தலை நிமிராமல், காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று இடம் மாறினால் அதற்கு அப்புறம் எல்லாம் இடம் மாறும். சாம்பலும் பட்டும் அவருடைய விரல் ரேகைகளைத் தேய்த்துவிட்டிருந்தன. ரேஷன் கடை மிஷினுக்கு அவரை அடையாளம் தெரியாது. ஃபோனும் விரல் நுனிக்கு மசியாது. அதனால் விரலை மடக்கி, முட்டியால்தான் ஃபோனைத் தட்டுவார். பார்க்க, யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும்.

பிணைக்கும்போது கைக்கு வேலை, காதுக்கு ஓய்வு. போகிற வீட்டில் எல்லாம் வைத்தியம் பேசுவார்கள். இன்ன இலையை அரைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்கும், இன்ன கிழங்கைத் தொங்கவிட்டால் காய்ச்சல் அண்டாது. முன்பு பெரியவர்கள் சொன்னது, இப்போது எல்லோர் ஃபோனிலும் வருகிறது. அக்கா மறுத்துப் பேசமாட்டார். யார் சொன்னாங்க, எப்போ சொன்னாங்க என்று கேட்பார். "எல்லாரும் சொல்றாங்களேக்கா" என்று பதில் வந்தால், "ஒருத்தன் சொன்னதை பத்து பேரு அனுப்பினா அது ஒருத்தன் சொன்னதுதான்மா" என்பார். இந்தப் பேச்சைச் சிலர் ரசித்தார்கள். பலர் ரசிக்கவில்லை. அக்கா வந்தால் வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் வாயைத் திறக்க முடியாது என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

அவர் சொல்வதெல்லாம் சரியாக இருந்தது என்று நான் எழுதினால் அது பொய். எதிர்வீட்டில் ஒரு மருமகளுக்கு ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு போடச் சொல்லி ஒரு வீடியோ வந்தது. அக்கா அதை அடியோடு தள்ளிவிட்டார். மாத்திரைக்கும் எலுமிச்சைக்கும் என்ன சம்பந்தம், தண்ணியில போடு என்றார். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து தேடியிருக்கிறார். இரண்டு மூன்று நல்ல இடங்களில் பார்த்தபோது அது சரி என்றே இருந்தது, டீயோடுதான் போடக்கூடாது. வெயில் கொளுத்தும் நேரத்தில் தெருவைத் தாண்டிப் போய், அந்தப் பெண்ணின் மாமியார் இருக்கும்போதே, "நான்தான் தப்பா சொல்லிட்டேன்மா. எலுமிச்ச ஜூஸு சரிதான். டீய விட்டுடு" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு அந்த வீட்டார் இதையே வைத்து வருஷக்கணக்கில் அவரைக் கிண்டல் செய்தார்கள். "அக்கா, காபில சக்கர போடலாமா, தேடிப் பாத்து சொல்லுங்க" என்பார்கள். அவரும் சிரிப்பார். தேடவும் தேடுவார்.

ஃபோனில் படித்ததோடு நிறுத்திக்கொள்ளவும் மாட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கொண்டுபோய்க் காட்டி, இது சரிதானா என்று கேட்பார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "உங்களுக்கு உடம்புக்கு ஒன்னும் இல்ல, எதுக்கும்மா வந்துகினே இருக்கீங்க" என்று அந்த நர்ஸ் ஒரு நாள் அலுத்துக்கொண்டார். அக்கா வந்து என்னிடம் சொன்னார்: "அந்தம்மா கோவப்பட்டாலும் பேரு போட்டு பேசுதுப்பா. நாளைக்குப் போனாலும் அதே நாற்காலில இருக்கும். வீடியோக்காரன் இருப்பானா?"

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. காயப்போட்ட என் சட்டைகளை எடுத்து மடித்து வைத்திருந்தார்; வாங்கப் போனேன். அவர் கணவர் எப்படிப் போனார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அவரு நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாரு. வேர்க்குது. நான் ஃபோன எடுத்து வாயுப் பிடிப்புன்னு கேட்டேன். ஓமம் கொதிக்க வெச்சிக் குடுன்னு சொல்லிச்சு. அடுப்புல ஓமம் கொதிச்சிக்கினு இருக்கும்போதே முடிஞ்சிருச்சு." சட்டையின் காலரை விரலால் நீவினார். "அது சரியாத்தான்பா சொல்லிச்சு. வாயுவுக்கு ஓமம் குடுக்கறதுதானே. நெஞ்சு வலின்னு கேக்க எனக்கு பயம். எனக்குப் புடிச்ச பதிலு வர மாதிரி கேட்டேன்."

நான் சட்டைகளை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். மறுநாள் டைரியில் மழை பெய்தது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் அவருடைய தம்பி வீடு. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்தம் என்று சொல்ல அந்த ஒரு தம்பிதான். அவர் குழித்தறியில் நெய்பவர். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதியை மிதிக்கிற வேலை. எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போயிருக்கும். உதறினால் சரியாகிவிடும். இதைப் பற்றி எந்த நெசவு வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. மரத்துப்போகாவிட்டால்தான் இன்றைக்கு நெய்யவில்லையா என்று கேட்பார்கள்.

கருட சேவை முடிந்த அன்று தம்பி அக்கா வீட்டுக்கு மனைவியோடு சாப்பிட வந்தார். கூட்டத்தில் இடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார்கள். வாசலில் வைத்து மனைவி சொன்ன பிறகுதான் தம்பிக்கே தெரிந்தது, இடது காலில் செருப்பு இல்லை என்று. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "பெருமாளுக்கு ஒத்தச் செருப்பு காணிக்கை போட்டுட்டு வந்துட்டாரு" என்று அவர் மனைவியே சொன்னார். நானும் அன்று அங்கே சாப்பிட்டேன். நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "தார் ரோடு சூடு தெரியலியாடா?" என்று கேட்டார்.

"தறிக்காரன் காலுக்கா. எப்ப மரத்துப்போவாம இருந்துது?"

"நீ தறில உக்காந்து வரலியே. நடந்துதானே வந்த."

தம்பி ரசம் கேட்டார். அவருக்குச் சில வருஷமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை போடுவார், நிறுத்துவார், யாராவது ஒரு பொடி சொன்னால் அதைச் சாப்பிடுவார்.

அவர்கள் போன பிறகு அக்கா ஃபோனை என்னிடம் நீட்டினார். அவர் வழக்கமாக வாயால் சொல்லித்தான் தேடுவார். அன்று வாயால் சொல்லப் பிடிக்கவில்லை. என்னை அடிக்கச் சொன்னார். கால் மரத்துப்போவது, தறி என்று ஆரம்பித்தேன். நிறுத்தச் சொல்லிவிட்டார். "தறின்னு போடாத. சக்கரன்னு போடுப்பா. பயமா இருந்தாலும் சக்கரன்னே போடு."

நிறைய வந்தது. பாதி, பாட்டில். ஒரு அரசு மருத்துவமனையின் இணையப் பக்கம் தமிழிலேயே இருந்தது. எழுதிய மருத்துவர்கள் யார், கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று அடியில் போட்டிருந்தது. அக்கா அடியிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தார். பிறகு வேறு இரண்டு இடங்களில் அதையே தேடிப் பார்க்கச் சொன்னார். வார்த்தைகள் வேறாக இருந்தன, விஷயம் ஒன்றாக இருந்தது. சர்க்கரையால் உணர்ச்சி போன காலில் புண் வந்தால் வலிக்காது. வலிக்காததால் யாரும் பார்க்கமாட்டார்கள். பாதத்தின் அடியைத் தினமும் பார்க்க வேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்கக் கூடாது. நர்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் முதல் தடவையாக அலுத்துக்கொள்ளாமல், தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

தம்பி வரவில்லை. அதற்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்துவிட்டது. தம்பி மனைவியின் அண்ணன் அனுப்பியது. கால் மரத்துப்போகிறவர்கள் கல்லுப்பு போட்ட வெந்நீரில், தாங்குகிற சூட்டில், காலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அக்கா அதைக் கடைசி வரை பார்த்தார். பாட்டில் வரவில்லை. அனுப்பியவரும் நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறார். குழுவில் அக்கா ஒரு வரி எழுதச் சொன்னார், நான் அடித்துக் கொடுத்தேன்: மரத்துப்போன காலுக்குத் தாங்குகிற சூடு எது என்று எப்படித் தெரியும்?

ஒழுங்கான கேள்வி. ஆனால் அதை அவர்கள் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி மனைவியின் அண்ணனை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியதாக எடுத்துக்கொண்டார்கள். அக்காவின் பழைய கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எலுமிச்சை ஜூஸ் கதையும் வந்தது. புருஷனைக் காப்பாத்தத் தெரியாதவங்க என்று யாரோ எழுதினார்கள். சாயங்காலம் தம்பியே அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

தம்பி வீட்டில் அடுத்த பாவு பிணைக்க வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். கூடப் பிறந்த அக்கா அந்த வேலைக்கே இருக்கும்போது வெளியாளைக் கூப்பிடுவது என்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், உறவு அறுந்துவிட்டது. செய்தி பிள்ளையார்பாளையத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வர நேரம் ஆகவில்லை.

அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. காலையில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் விடிந்ததும் பூப் படங்களும், காலை வணக்கமும், கழுத்து வலிக்கு மருந்தும் வந்து குவியும். "எல்லாம் பொய்யிதான். ஆனா சத்தம் வந்துக்கினு இருந்துது" என்றார்.

அதிலிருந்து நான் தினமும் காலையில் மேலேயிருந்து கீழே ஒரு செய்தி அனுப்ப ஆரம்பித்தேன். அச்சகத்துக் குழுவில் வந்த ஏதாவது ஒரு வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புவேன். வெண்டைக்காய்த் தண்ணீர், செம்புக் காப்பு, படுக்கைக்கு அடியில் சோப்பு. மாடிப்படியின் கீழே அவர் ஃபோன் ஒலிப்பது எனக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வரும். "இன்னாப்பா இது, இதையெல்லாம் நீ நம்புறியா?" நம்பவில்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த மருத்துவமனைப் பக்கத்தை நான் அச்சகத்தில் பெரிய எழுத்தில் கோத்து, ஒரு பிழை இல்லாமல் திருத்தி, நல்ல தாளில் இரண்டு பிரதி அடித்துக் கொடுத்தேன். அக்கா சொன்னபடி ஒன்றை நானே தம்பி வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தறிக் காலின் கீழே அண்டக் கொடுத்து, நாலாக மடித்து வைத்திருந்தது. அக்கா கேட்டபோது இருந்தபடியே சொன்னேன்.

"தறி ஆடாம நிக்குதா?" என்று கேட்டார். நிற்கிறது என்றேன். சிரித்தார். அப்புறம் சொன்னார்: "அந்த வீடியோக்காரன் என் சொந்தங்களே, என் கூடப் பொறந்தவங்களேன்னு கூப்பிடறான்பா. இந்தப் பேப்பரு யாரையும் கூப்பிடல."

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது படியின் கீழே ஃபோனோடு நின்றார். குரல் பதிவு செய்ய வேண்டும். பட்டனை விடாமல் அழுத்திப் பிடிக்க அவர் விரலால் ஆகாது. நான் பிடித்துக்கொண்டேன். அவர் தாளைப் பார்த்துப் படித்தார். படித்தார் என்று சொல்வது சரியில்லை. பேசினார்.

"தம்பி, அக்கா பேசறேன். இது நான் சொல்றது இல்ல. கவர்மெண்டு ஆஸ்பத்திரி டாக்டருங்க எழுதி, இந்த வருஷம் பாத்து சரி பண்ணிப் போட்டது. நான் படிக்கறேன், நீ கேளு. சுடுதண்ணில கால வெக்காத. வெச்சுத்தான் ஆவணும்னா மொதல்ல உன் பொண்டாட்டி முழங்கைய வெச்சிப் பாக்கட்டும். காலு சொல்றத நம்பாத, அது இப்ப பொய் சொல்லும். குனிஞ்சிப் பாக்க முடியலன்னா கீழ கண்ணாடிய வெச்சிக்கினு பாதத்துக்கு அடியில பாரு. வலிக்கல, அதனால ஒன்னும் இல்லன்னு நெனைக்காத. வலிக்காததுதான்டா வியாதி."

முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரியா வந்துச்சாப்பா?"

"வந்துது அக்கா" என்றேன். அதன் பிறகுதான் பட்டனிலிருந்து கையை எடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் ஒன்று அனுப்பினார். மற்றதெல்லாம் சின்னச் சின்னதாக இருக்கும். இன்றைக்கு என்ன குழம்பு, எதிர்வீட்டில் யார் வந்தார்கள், நடுவில் காலைப் பற்றி ஒரு வரி. தாளில் இருப்பதைத் தாண்டி மருத்துவ விஷயமாக ஒரு வார்த்தை சேர்க்கமாட்டார். அந்தப் பக்கம் இரண்டு நீலக் கோடு விழும். பதில் வராது. கேட்கிறார் என்பதே போதும் என்று அக்கா சொன்னார். நான் நம்பிக்கை இழந்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை, நீலக் கோடு விழுந்ததை மட்டும் எழுதி வைத்தேன்.

ஆடி மாதம், காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தம்பி இறங்கவில்லை. மனைவி மட்டும் இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவுக்குள் தம்பியின் இடது பாதத்தில் துண்டு சுற்றியிருந்தது. பாதத்தை உப்பு வெந்நீரில் வைத்திருக்கிறார்கள். மேலே கொஞ்சம் சிவந்ததாக நினைத்து விட்டுவிட்டார்கள். அடியில் கொப்புளம் உடைந்து, விரல் கறுத்துப்போயிருந்தது.

"கண்ணாடி வெச்சிப் பாருன்னு சொல்லிக்கினே இருந்தியேக்கா" என்றார் தம்பி. "நேத்து பாத்தேன்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஆட்டோவில் ஏறினார். நானும் பின்னாலேயே வண்டியில் போனேன். அரசு மருத்துவமனையில் ஒரு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது, அக்கா அவரிடம் பெயரைக் கேட்டார். எதற்கம்மா என்றார் அவர். "சொன்னவங்க பேரு தெரியணும் சார்" என்றார் அக்கா.

வார்டில் படுத்திருந்த நாட்களில் தம்பி அந்த முதல் பதிவைப் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். கேட்டவர்கள் தங்களுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். தெரிந்த தறிக்காரர்களுக்கெல்லாம் அவரே அனுப்பினார். அக்கா அதை ஒத்துக்கொண்டார், ஆனால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை முழுசாக அனுப்ப வேண்டும், வெட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். தம்பி மறுபடி தறியில் உட்கார்ந்ததும் புதுப் பாவுக்கு அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். குழுவில் திரும்பச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. நான் காலைச் செய்தியை நிறுத்தவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். அறிக்கையை வாங்கிக்கொண்டு வந்த அன்று நான் ஃபோனை எடுத்தேன். கட்டியின் பெயரை அடிக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"எனக்கு நீ தேடாதப்பா. நீ எனக்குப் புடிச்ச மாதிரிதான் தேடுவ."

டாக்டரிடம் அவரே கேட்டுக்கொண்டார். சரியாகும் மருந்தா, வலி தெரியாமல் இருக்கவா என்று கேட்டிருக்கிறார். வலி தெரியாமல் இருக்க என்று அவர் நேராகச் சொன்னாராம். அந்த மருத்துவரைப் பற்றி மிகவும் மரியாதையாகப் பேசினார். தம்பியும் தம்பி மனைவியும் கடைசி வரை பார்த்துக்கொண்டார்கள். கீழ்வீட்டுக்கு இப்போது வேறு குடும்பம் வந்திருக்கிறது. நல்ல மனிதர்கள். காலையில் அவர்கள் வீட்டில் டிவி ஓடும்.

நான் டாக்டர் சொல்லிக் காலை நடைக்குப் போகிறேன். நடக்கிறவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியாது. சென்ற வாரம் அதில் ஒரு வீடியோ வந்தது. பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறி மேலே இருந்தது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்ட, யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் படம். கீழே "பிரபல பெண் மருத்துவர் தரும் அதிர்ச்சித் தகவல்". தட்டினேன்.

"சுடுதண்ணில கால வெக்காத" என்று ஆரம்பித்தது.

நடைபாதை ஓரத்தில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி என்று கூப்பிட்டதை வெட்டியிருந்தார்கள். அக்கா பேசறேன் என்றதையும், யார் எழுதியது எப்போது எழுதியது என்று சொன்னதையும் வெட்டியிருந்தார்கள். யார் சொன்னது என்று ஊரெல்லாம் கேட்டவரின் குரல், யார் சொன்னது என்று தெரியாமல் வந்திருந்தது. ஒரு பாட்டில் வரும் என்று எதிர்பார்த்துக் கடைசி வரைக்கும் பார்த்தேன். வரவில்லை. முன்னால் வெட்டியவர் பின்னால் வெட்ட மறந்திருக்க வேண்டும். "வலிக்காததுதான்டா வியாதி" என்பதற்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி. ஒரு சைக்கிள் மணி. பிறகு, "சரியா வந்துச்சாப்பா?"

அதற்குப் பதிலும் இருந்தது.

குழுவில் உடனே எழுதவில்லை. வீட்டுக்கு வந்து அந்த மருத்துவமனைப் பக்கத்தைத் தேடினேன். அக்கா படித்த தாளுக்கு வயதாகிவிட்டது. நடுவில் மருத்துவர்கள் எதையாவது மாற்றியிருக்கலாம். பக்கத்தைப் புதிதாகச் சரிபார்த்திருந்தார்கள், ஒரு பத்தி கூடியிருந்தது. அவர் சொன்ன வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. வேறு இரண்டு இடங்களிலும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எழுதினேன். இந்தப் படத்தில் இருப்பவர் பேசியது இல்லை. பேசியவர் மருத்துவரும் இல்லை. நம் ஊரில் பாவு பிணைத்த ஒரு அம்மா, சர்க்கரை இருந்த தம்பிக்காக அரசு மருத்துவமனைப் பக்கத்தைப் பார்த்துப் படித்தது. பக்கம் இது. இன்று மறுபடி பார்த்தேன், சரியாக இருக்கிறது. உங்கள் மருத்துவரிடமும் காட்டுங்கள். இப்படி எழுதி, அங்கே அவர் பெயரையும் போட்டேன்.

நீலக் கோடுகள் விழுந்தன. பிறகு எனக்குத் தெரியாத ஒரு நம்பரிலிருந்து ஒருவர் கேட்டார்: "நீங்க யாரு சார்? உங்களுக்கு எப்டி தெரியும்?"

சரியான கேள்வி. அக்கா இருந்தால் அவருக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிருக்கும். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துப் பதில் அனுப்பினேன்.

"கடைசி வரைக்கும் கேளுங்க. முடிவில் 'வந்துது அக்கா' என்று ஒரு குரல் கேட்கும். அது நான்."